வீட்டுப் பெயிண்ட்: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பெயிண்ட் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "அண்ணாச்சி, எது நல்ல பெயிண்ட்?" என்று கேட்டு வருபவர்களுக்கு, பில் போட்டுக்கொண்டே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனி உசத்தி என்று சொல்லப்போவதில்லை. எல்லாக் கம்பெனியும் நல்லதும் போடுகிறது, சுமாரானதும் போடுகிறது.

பெயிண்டில் அப்படி என்னதான் கலக்கிறார்கள்?

நாலு வகைச் சரக்கு. நிறத்தையும் மறைப்பையும் தரும் பிக்மென்ட் தூள். அந்தத் தூளைச் சுவரோடு பிடித்து வைக்கும் ரெசின். பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பூசுகிற பதத்தில் வைத்திருக்கும் தண்ணீர் அல்லது டர்ப்பன்டைன். அப்புறம் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கும் மருந்துகள்: நுரையை அடக்க ஒன்று, கெட்டிப்பட ஒன்று, டப்பாவுக்குள் கெட்டுப்போகாமல் இருக்க ஒன்று, சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒன்று.

தண்ணீர் அன்றைக்கே ஆவியாகிப் போய்விடும். மிச்சம்தான் உங்கள் சுவரில் இருக்கப்போவது. அதனால் பெயிண்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் அதை ஒரே கேள்வியாக மாற்றிக்கொள்வேன்: காய்ந்த பிறகு சுவரில் மிஞ்சுவது எது, எவ்வளவு? கீழே வரும் பதில்கள் பாதிக்கு மேல் இதைச் சுற்றியே வரும்.

வெள்ளை நிறம் எதிலிருந்து வருகிறது?

டைட்டானியம் டை ஆக்சைடு. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு. எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் மண் கருப்பாகக் கிடக்கும். அந்தக் கருப்புக்குக் காரணம் இல்மனைட் என்ற தாது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தது. ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. இந்தக் கருப்பு மண்ணிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு எடுப்பதுதான் உலகத்திலேயே நன்றாக மறைக்கிற வெள்ளைத் தூள். கேரளத்தில் சவராவிலும் திருவனந்தபுரத்துக் கொச்சுவேளியிலும் இதைத் தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. உங்கள் டப்பாவில் இருப்பது இந்தக் கரை மண்தான் என்று சத்தியம் செய்ய முடியாது, இறக்குமதியும் ஏராளமாக நடக்கிறது.

இதில் இரண்டு ரகம். ரூட்டைல் ஒன்று, அனடேஸ் ஒன்று. அனடேஸ் விலை குறைவு, ஆனால் வெயிலில் அது சுற்றியிருக்கும் ரெசினையே அரித்துவிடும். வெளிச்சுவரில் கை வைத்தால் வெள்ளையாகத் தூள் ஒட்டுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிச்சுவருக்கு ரூட்டைல்தான் வேண்டும்.

சாக்பீஸ் பவுடரைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்கிறார்களே?

கலக்கிறார்கள் என்பது உண்மை. ஏமாற்று என்பது அளவைப் பொறுத்தது.

கால்சியம் கார்பனேட், டால்க், சீனக்களி, டோலமைட் எல்லாம் பெயிண்டில் காலங்காலமாகப் போகிற நிரப்பிகள். அளவோடு போட்டால் வேலை செய்யும். டைட்டானியத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் அவற்றின் மறைக்கும் சக்தி வீணாகும். நடுவில் நைசான நிரப்பித் தூள் இருந்தால் விலகி நின்று நன்றாக மறைக்கும். பளபளப்பு இல்லாத மேட் பூச்சு வருவதும் நிரப்பியால்தான். ஆகவே நிரப்பியே இல்லாத பெயிண்ட்தான் நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரச்சினை, டைட்டானியத்தையும் ரெசினையும் குறைத்துவிட்டு அந்த இடத்தை இதனால் அடைக்கும்போது. அது எப்படி வெளியே தெரியாமல் நடக்கிறது என்று புரிய மாக்கோலத்தை நினைத்துப் பாருங்கள். அரிசி மாவைக் கரைத்து இழை இழுக்கும்போது கோலம் மங்கலாக இருக்கும், தரைதான் தெரியும். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பளிச்சென்று வெள்ளை. மாவு அதேதான். துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான். மேலே தண்ணீர் தெளித்தால் மறுபடி மங்கிவிடும்.

மலிவுப் பெயிண்டின் வெள்ளையும் பெரும்பாலும் இந்த மாதிரி வெள்ளைதான். பசை போதாததால் துகள்களுக்கு நடுவே காற்று இடைவெளி இருக்கிறது. அந்தக் காற்று வெள்ளையாகக் காட்டுகிறது. காய்ந்ததும் சுவர் அழகாகவே இருக்கும். குழந்தை தண்ணீர்க் கையை வைத்தால் கருத்த தடம், எண்ணெய்க் கை பட்டால் நிரந்தரக் கறை, ஈரத்துணியால் துடைத்தால் துணியோடு பெயிண்டும் வரும். இடைவெளி இருக்கிற இடத்தில் காற்று மட்டுமா போகும், எல்லாமே போகும்.

அப்படியானால் ரெசின்தான் முக்கியமா?

என் கணக்கில் ஆமாம். நிறம் குறைந்தால் இன்னொரு கோட்டு அடித்துச் சமாளிக்கலாம், பசை குறைந்த பெயிண்டை எத்தனை கோட்டு அடித்தாலும் பசை கூடாது.

தண்ணீர் பெயிண்டுகளில் ரெசின் என்பது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள், பாலில் கொழுப்பு மிதப்பது போலத் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் ஆவியாக ஆவியாக உருண்டைகள் நெருங்கி, ஒன்றை ஒன்று அமுக்கி, உருக்குலைந்து ஒரே படலமாகிவிடும். ஒருமுறை படலமானால் மறுபடி தண்ணீரில் கரையாது. பிளாஸ்டிக் பெயிண்ட் என்று ஊரில் சொல்வது இதனால்தான். எமல்ஷன் என்பதும் இதே தண்ணீர் பெயிண்ட்தான்.

சுத்த அக்ரிலிக் உசத்தி, வெயிலையும் சிமெண்டின் காரத்தையும் தாங்கும். ஸ்டைரீன் கலந்த அக்ரிலிக் விலை குறைவு. உள்சுவருக்குத் தாராளம், கடும் வெயிலில் நாள்பட மஞ்சளிக்கும், தூள் தட்டும். வினைல் அசிடேட் சேர்ந்த ரகங்கள் உள்சுவருக்கு ஓடும், ஈரமும் காரமும் சேர்ந்த வெளிச்சுவரில் நம்ப முடியாது. டப்பாவில் "100 சதவீதம் அக்ரிலிக்" என்று போட்டிருந்தால் அது பசையின் ஜாதியைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுக் கடைக்காரரிடம் அளவு கேட்காதீர்கள், எங்களுக்கும் கம்பெனி அதைச் சொல்வதில்லை.

ஒரே கம்பெனியில் மூன்று விலையில் எமல்ஷன் இருக்கிறதே, உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

உண்டு. மேல்விலைச் சரக்கில் ரெசினும் டைட்டானியமும் அதிகம், கீழ்விலையில் நிரப்பி அதிகம். ஆனால் விலை இரண்டு மடங்கு என்றால் உழைப்பும் இரண்டு மடங்கு என்று எண்ண வேண்டாம். மேல்தட்டில் விளம்பரச் செலவும் சில ஜிகினாவும் சேர்ந்துகொள்ளும்.

வாடகைக்கு விடும் வீடு, ஆள் மாறும்போதெல்லாம் அடிக்கப்போகிறீர்கள் என்றால் கீழ்விலை எமல்ஷன் போதும். சீலிங்குக்கும் அதுவே போதும், அங்கே யார் கை வைக்கப்போகிறார்கள்? குழந்தைகள் இருக்கும் ஹால், அடுப்படி, படிக்கட்டுச் சுவர், இவற்றுக்கு மட்டும் மேல்ரகம் வாங்குங்கள். வீடு முழுக்க ஒரே ரகம் என்று யாரும் சட்டம் போடவில்லை. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வாளி கனமாக இருந்தால் நல்ல சரக்குதானே?

தினமும் ஒருவராவது தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். பழம், தேங்காய் வாங்கும் பழக்கம்.

இங்கே கணக்கு தலைகீழ். ரெசின் கிட்டத்தட்டத் தண்ணீர் எடைதான். சுண்ணாம்புக்கல் தூள் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே நிரப்பி கூடக்கூட வாளி கனக்கும். ஒரே அளவுள்ள இரண்டு வாளியைத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் மலிவு எமல்ஷன்தான் கை வலிக்கும். டைட்டானியம் அதைவிடவும் கனம்தான், ஆனால் நிரப்பியை அள்ளிப் போடுவது போல அதை யாரும் அள்ளிப் போடமாட்டார்கள், அந்த விலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எமல்ஷனை லிட்டரில் விற்கிறோம், டிஸ்டெம்பர் என்ற மலிவுச் சுவர்ப்பூச்சைக் கிலோவில் விற்கிறோம். 20 கிலோ வாளியையும் 20 லிட்டர் வாளியையும் பக்கத்தில் வைத்து விலை ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள்.

கெட்டியாக இருந்தால்?

அதுவும் அடையாளம் இல்லை. செல்லுலோஸ் சேர்த்தால் வெறும் தண்ணீரையே கஞ்சி மாதிரி கெட்டியாக்கலாம்.

எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

டப்பாவில் போட்டிருக்கும் அளவு. ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால் பொதுவாக ஓர் எண் சொல்ல முடியாது. படித்துப் பார்க்கிற ஆள் குறைவு என்பதுதான் சங்கடம். "ரெண்டு மக்கு ஊத்து" என்கிற அளவிலேயே பல இடத்தில் வேலை நடக்கிறது.

இதில் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு ஒரு கணக்கு. 1 லிட்டர் பெயிண்டை 100 சதுர அடியில் சீராகப் பரப்பினால் ஈரப் படலத்தின் தடிமன் சுமார் 100 மைக்ரான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பெயிண்டில் காய்ந்து மிஞ்சுகிற பங்கு நூற்றுக்கு 40 என்றால், கடைசியில் சுவரில் நிற்பது 40 மைக்ரான். தலைமுடி அதைவிடத் தடிமன். அதே 1 லிட்டரில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி 200 சதுர அடிக்கு இழுத்துவிட்டால் நிற்பது 20 மைக்ரான். அத்தனை விலை கொடுத்து வாங்கிய சரக்கு அரை முடி கனத்துக்கும் கீழே வந்துவிட்டது. பிறகு ஒரு மழைக்காலம் தாங்கவில்லை என்று கம்பெனியைத் திட்டி என்ன செய்ய?

ரோலரில் ஓடாது என்பதால் பெயிண்டர் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவது உண்டு. அவர் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் எத்தனை டப்பா வாங்கினோம், எத்தனை காலி டப்பா இருக்கிறது, சுவர் எத்தனை சதுர அடி, இந்த மூன்றையும் வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். சரக்கு எதிர்பார்த்ததைவிட ரொம்ப மிஞ்சினால் சந்தோஷப்படாதீர்கள்.

ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும்?

பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) பார்த்து வழவழவென்று இருக்கும் உள்சுவரில், நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 120 முதல் 150 சதுர அடி வரை வரும். சொரசொரப்பான வெளிச்சுவரில் அதில் பாதிதான் கிடைக்கும், பள்ளம் மேடு எல்லாம் குடிக்கும். சுவரின் பரப்பு வேறு, தரையின் பரப்பு வேறு, "ஆயிரம் சதுர அடி வீடு, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சுவர் நீளத்தை உயரத்தால் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல், எது எதற்கு?

டிஸ்டெம்பரில் பசை ரொம்பக் குறைவு, நிரப்பி ரொம்ப அதிகம். விலை குறைவு, சுவரின் ஈரத்தை அடைக்காமல் மூச்சுவிடும், ஆனால் எமல்ஷன் அளவுக்குத் துடைக்க முடியாது. எமல்ஷனைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் எமல்ஷனுக்கு மாறினால் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் போட்டாலும் அது அந்த மாவைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கும். மாவு உதிர்ந்தால் கூடவே விழும்.

எனாமல் வேறு சங்கதி. அதன் ரெசின் தாவர எண்ணெயிலிருந்து செய்த ஆல்கிட். டர்ப்பன்டைன் ஆவியானால் மட்டும் போதாது, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். மூடாமல் வைத்த எனாமல் டப்பாவில் பாலாடை மாதிரி மேலே தோல் கட்டுவது அதனால்தான். கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அது நல்ல சரக்கு. புதுச் சிமெண்ட் சுவரில் மட்டும் அடிக்காதீர்கள். சிமெண்டின் காரமும் எனாமலின் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? காரத்தையும் எண்ணெயையும் வைத்துத்தானே சோப்பு காய்ச்சுகிறோம். சுவரிலும் அதுவே நடந்து பிசுபிசுத்து உரியும். வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அலமாரி உள்பக்கம், மாட்டிய படத்துக்குப் பின்னால் பார்த்தால் தெரியும்.

வாங்கும் முன் தரத்தைச் சோதிக்க வழி இருக்கிறதா?

ஆய்வுக்கூடத்தில் பூசிய பலகையைச் சோப்புத் தண்ணீரோடு பிரஷ் வைத்து எந்திரம் தேய்க்கும். எத்தனை தேய்ப்பில் பெயிண்ட் போகிறது என்று எண்ணுவார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15489 பிளாஸ்டிக் எமல்ஷனுக்கும், ஐ.எஸ். 428 துடைக்கக்கூடிய டிஸ்டெம்பருக்கும் உரிய தரக்குறிப்புகள்.

வீட்டில் அவ்வளவு வேண்டாம். 1 லிட்டர் டப்பா ஒன்று வாங்கி, நான் செய்வதைச் செய்து பாருங்கள். பழைய செய்தித்தாளில் தலைப்பு எழுத்து பெரிதாக இருக்கும் பக்கத்தை எடுத்து, சொன்ன அளவு தண்ணீர் சேர்த்து இரண்டு கோட்டு அடியுங்கள். காய்ந்த பிறகு எழுத்து எவ்வளவு மறைந்திருக்கிறது என்று பாருங்கள். அதோடு விடாமல் ஈர விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். நனைந்த இடத்தில் எழுத்து மறுபடி எட்டிப் பார்த்தால் அது மாக்கோல வெள்ளை. நனைந்தும் தெரியாவிட்டால் டைட்டானியம் வேலை செய்கிறது.

பசையைச் சோதிக்க ஒரு பாலித்தீன் கவரை விரித்து அதில் கொஞ்சம் தடிமனாகப் பூசி, ஒரு வாரம் நிழலில் விடுங்கள். பிறகு மெல்ல உரியுங்கள். நல்ல வெளிச்சுவர் எமல்ஷன் தோல் மாதிரி முழுசாக வரும், இழுத்தால் கொஞ்சம் நீளும், மடித்தால் ஒடியாது. பசை குறைந்தது அப்பளம் மாதிரி நொறுங்கும். இதை ஒருமுறை செய்து காட்டிய பிறகு என்னிடம் விலை பேரம் பேசியவர்கள் குறைவு. (வாடிக்கையாளர் கவரை மேஜையிலேயே விட்டுப் போய்விடுவார், சுத்தம் செய்வது நான்.)

அடர்ந்த நிறங்கள் ஏன் சீக்கிரம் வெளுக்கின்றன? மூன்று கோட்டு அடித்தும் ஏன் திட்டுத் திட்டாகத் தெரிகிறது?

இரண்டும் வேறு வேறு காரணம்.

கடையில் மெஷினில் நிறம் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளநிறத்துக்கு வெள்ளை பேஸ், அதாவது நிறம் சேர்க்கும் முன் இருக்கும் அடிப்பெயிண்ட். அடர் சிவப்போ கருநீலமோ வேண்டுமென்றால் டைட்டானியம் மிகக் குறைவாக உள்ள, சில சமயம் அறவே இல்லாத பேஸை எடுப்போம். வெள்ளை இருந்தால் நிறம் வெளிறிவிடுமே. டைட்டானியம் இல்லையென்றால் மறைப்பும் குறையும். மஞ்சளும் சிவப்பும் இதில் மோசம். அதே சாயலில் ஒரு மலிவான நிறத்தை முதலில் அடித்துவிட்டு மேலே இதை அடித்தால் கோட்டு மிச்சமாகும்.

வெளுப்பது பிக்மென்ட்டின் குணம். பளிச்சென்ற மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு பெரும்பாலும் கரிமச் சாயங்கள். அவற்றில் மலிவானவை நம் ஊர் வெயிலில் நிற்காது. இரும்பு ஆக்சைடு நிறங்கள் நிற்கும்: செங்காவி, மஞ்சள் காவி, பழுப்பு. கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருப்பதைப் பாருங்கள். காவி ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பு, இனி அது வெளுக்க ஒன்றுமில்லை. மழையில் கரைந்து ஓடுமே தவிர நிறம் மாறாது. தெற்கு, மேற்குச் சுவருக்கு அடர் நிறம் கேட்பவர்களைக் காவி சாயலுக்குத் திருப்பப் பார்ப்பேன். பாதிப் பேர் கேட்பதில்லை, மூன்றாம் வருடம் வந்து நிற்பார்கள்.

பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்கிறார்களே, இன்னுமா?

சட்டப்படி இருக்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் 2016-இல் வந்தன, 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளன. பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. டப்பாவிலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

ஈயம் அதிகம் போனது எனாமலில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில். லெட் குரோமேட் என்ற பிக்மென்ட் அவ்வளவு பிரகாசம், வெயிலுக்கும் நிற்கும். ஆகவே நீங்கள் அஞ்ச வேண்டியது புது டப்பாவைவிடப் பழைய ஜன்னலை. பத்து இருபது வருடத்துக்கு முன் அடித்த எனாமலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். குழந்தைகள் தரையில் தவழ்ந்து கையை வாயில் வைப்பார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. தண்ணீர் தொட்டு ஈரத் தேய்ப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள், கீழே தாள் விரியுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். ஈய அளவைக் குறிப்பிட்ட டப்பாவா, பெயர் தெரியாத லோக்கல் எனாமலா என்றால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வாசனை இல்லாத பெயிண்ட் என்றால் கெடுதல் இல்லாத பெயிண்டா?

அப்படிச் சொல்ல முடியாது. ரெசின் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளச் சேர்க்கும் திரவங்கள் காய்ந்த பிறகும் சில நாள் ஆவியாகிக்கொண்டிருக்கும். வி.ஓ.சி. என்று டப்பாவில் போடுவது இவற்றைத்தான். அது குறைவாக உள்ள ரகங்கள் நல்லவைதான். ஆனால் மெஷினில் நாங்கள் சேர்க்கும் நிறக்குழம்பிலும் அது கொஞ்சம் வரும். டப்பாவில் எழுதியது பேஸுக்கு மட்டும். வாசனைத் திரவியம் போட்டு மணமாக்கிய பெயிண்டும் உண்டு, மல்லிகை மணம் வந்தால் வேறு எதுவும் வரவில்லை என்று அர்த்தமில்லை. எதை அடித்தாலும் ஜன்னலைத் திறந்து போட்டு, படுக்கையறையில் இரண்டு மூன்று நாள் கழித்துப் படுங்கள்.

உயர்ந்த பெயிண்ட் அடித்தும் சுவர் உப்பி வருகிறதே?

பெயிண்டின் தவறு பத்தில் ஒன்றிரண்டு தடவைதான். மற்றதெல்லாம் சுவர்.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில், பொங்கலுக்குள் வீடு பளபளக்க வேண்டும் என்று மார்கழி கடைசியில் எங்கள் வீட்டுக்கே கடையிலிருந்த உயர்ந்த சரக்கை இறக்கினேன். எங்கள் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அந்த வருடம் கார்த்திகை வரை விடாமல் பெய்திருந்தது. தொட்டுப் பார்த்தால் சுவர் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. மாசி வெயில் ஏறியதும் வடக்குச் சுவரில் தோசையில் வருவது போலக் குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஒன்றைக் கிழித்தேன்; படலம் ரப்பர் மாதிரி முழுசாக வந்தது, பின்னால் சுவர் ஈரம், வெள்ளையாக உப்பு. பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். நல்லதாக இருந்ததால்தான் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, ஈரம் அதைத் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டில் சுண்ணாம்புதான், ஒன்றும் ஆகவில்லை. அதை அவர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

அடிக்கும் முன் ஒரு அடிச் சதுரப் பாலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் காத்திருங்கள். ஓதம் எங்கிருந்து வருகிறது, குழாயா, மொட்டைமாடியா, அஸ்திவாரமா என்று கண்டுபிடித்து அடைக்காமல் மேலே எதை அடித்தாலும் காசு தண்டம். புதுப்பூச்சு என்றால் நனைத்து முடித்து குறைந்தது 28 நாள் காயவிட வேண்டும், அதன் காரமும் அப்போதுதான் கொஞ்சம் தணியும்.

பட்டியும் பிரைமரும் அவசியமா?

பிரைமர் அவசியம். அது சுவரின் உறிஞ்சும் தன்மையைச் சமன் செய்யும். இல்லாவிட்டால் பெயிண்டின் பசையைச் சுவர் குடித்துவிட்டுத் தூளை மட்டும் மேலே விடும். பட்டி என்பது அழகுக்கு. வழவழப்பு வேண்டாம் என்றால் பட்டி வேண்டாம். பார்ப்பதானால் ஈரம் படும் இடத்துக்கு வெள்ளைச் சிமெண்ட் பட்டி, மெல்லியதாக இரண்டு தடவை. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, தூளைத் துடைத்துவிட்டு அடியுங்கள். துடைக்காமல் அடிப்பதும் பவுடர் பூசிய முகத்தில் பிளாஸ்திரி ஒட்டுவதும் ஒன்று.

பெயிண்டர் சொல்லும் பிராண்டையே வாங்கலாமா?

அனுபவமுள்ள பெயிண்டருக்கு எது எப்படி ஓடும், எது எத்தனை வருடம் நின்றது என்று தெரியும். அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அதே நேரம் டப்பாவுக்குள்ளும் பட்டி மூட்டைக்குள்ளும் பெயிண்டருக்கென்று கம்பெனிகள் டோக்கன் போடுவது ஊரறிந்த ரகசியம். இப்போது அது ஸ்கேன் செய்யும் புள்ளிகளாக மாறியிருக்கிறது. அவர் கூலியில் அதுவும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், பிராண்டை அவர் சொல்லட்டும், ரகத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். மூடி உடைக்காத டப்பா உங்கள் கண் முன்னால் திறக்கப்பட வேண்டும், அது போதும்.

10 வருட வாரண்டி நிஜமா?

சின்ன எழுத்தைப் படியுங்கள். சொன்ன பிரைமர், சொன்ன கோட்டு, சொன்ன தண்ணீர், ஓதமில்லாத சுவர் எல்லாம் இருந்தால்தான். பில்லையாவது பத்திரமாக வைத்திருங்கள்.

பேசாமல் சுண்ணாம்பே அடித்தால் என்ன?

பழைய சுண்ணாம்புப் பூச்சு வீடு என்றால் அதுவே சரி. சுண்ணாம்பில் தனியாகப் பசை வேண்டியதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு தானே கல்லாக மாறும், சுவரின் ஈரத்தை அடைக்காமல் மூச்சுவிட விடும், காரம் அதிகம் என்பதால் பூஞ்சையும் சட்டென்று வராது. நன்றாக நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பை வடிகட்டி, துளி நீலம் போட்டு, நீர்க்க மூன்று தடவை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே தடவை அடித்தால் சட்டை முழுக்க ஒட்டும். சிமெண்ட் பூச்சில் பட்டி பார்த்த சுவருக்கு இது ஒட்டாது. இப்போது நல்ல சுண்ணாம்பும் அதை அடிக்கத் தெரிந்த ஆளும் கிடைப்பதுதான் கஷ்டம்.

மீந்த பெயிண்டை எத்தனை நாள் வைக்கலாம்?

திறக்காத எமல்ஷன், டப்பாவில் போட்ட தேதியிலிருந்து சுமார் மூன்று வருடம். திறந்து தண்ணீர் கலந்துவிட்டால் சில நாள்தான். டப்பாவுக்குள் கெடாமல் காக்கும் மருந்தின் அளவு தண்ணீர் சேர்ந்ததும் நீர்த்துவிடும். பாக்டீரியா புகுந்து கெட்டியாக்கும் செல்லுலோஸைத் தின்னும். பெயிண்ட் தண்ணீராக இளகி, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதை அடித்தால் நாற்றம் சுவரிலேயே தங்கும், தூக்கிப் போடுங்கள். சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்றாமல் மணலில் கொட்டிக் காயவைத்துப் போடுங்கள்.

கலக்காத மீதி இருந்தால் சின்ன டப்பாவுக்கு மாற்றி, காற்று இல்லாமல் நிரப்பி, இறுக மூடுங்கள். மூடியின் மேல் மார்க்கரால் நிறத்தின் எண்ணையும் எந்த அறை என்பதையும் எழுதி வையுங்கள். "போன தடவை அடிச்ச அதே சந்தனக் கலர்" என்று வந்து கேட்டால் என்னிடம் சந்தனத்தில் முப்பது இருக்கிறது.